பொம்மை விமானமும் பறக்கிற விமானமும்

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் டிராஃபிக்கில் பஸ் நிற்கும்போது தெற்கே பார்த்தால், கிண்டிப் பக்கம் தாழ்ந்து இறங்குகிற விமானம் ஒன்று கண்ணில் படும். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று இறங்குகிற ஊரில் அதை எதற்கு வாயைப் பிளந்து பார்ப்பது?

1910 மார்ச்சில் இதே ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் தானே வரைந்து, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்வித்த இரட்டை இறக்கை விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். பல்லாவரத்தில் என்கிறார்கள் சிலர், தீவுத்திடலில் என்கிறார்கள் சிலர். பல்லாவரம் என்றால் அந்த விமானம் சைதாப்பேட்டையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ரோடு வழியானாலும் ரயில் வழியானாலும் அடையாற்றைக் கடக்கிற இடம் இதுதான். அன்றைக்கு ஆற்றின் மேல் இருந்தது 1726ல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த பழைய மர்மலாங் பாலம்.

இந்தக் கதையின் மொத்த நீளம் நான்கு வரி. ஹோட்டல்காரர், சிம்ப்சன், சின்ன இன்ஜின், பறந்தார். அதற்குப் பின்னால் ஐந்தாவதாக ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும்: "ஆசியாவிலேயே முதல் விமானம் சென்னையில்தான்!" ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் டே வந்தால் இந்த ஐந்து வரியும் ஊர் முழுக்கச் சுற்றும். அடுத்த ஆகஸ்ட்டில் மறுபடி சுற்றும். இறக்கை எத்தனை அடி, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு தூரம் பறந்தது, திரும்பியதா இல்லை நேராகத் துள்ளி இறங்கியதா... இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பெருமைப்படுவதற்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்!

இந்த மனநிலையோடுதான் சண்டை.

பெருமையா, கணக்கா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டி ஏஞ்சலிஸ் கதை கட்டுக்கதை என்று இங்கே வாதம் இல்லை. நம்பத் தகுந்த காரணங்கள் நிறைய. 1909 ஜூலை 25ம் தேதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிறகு உலகம் பூராவும் பணமும் ஆசையும் உள்ளவர்கள் விமானம் கட்டிப் பார்த்தார்கள். சிம்ப்சன் கம்பெனியும் சாதாரணக் கம்பெனி இல்லை. 1840ல் தொடங்கிய கோச்சு வண்டிக் கம்பெனி. 1903லேயே அதன் இன்ஜினியர் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி மதராஸ் தெருவில் ஓட்டியிருக்கிறார். மரத்தை வளைக்க, கம்பியை முறுக்க, துணியை இழுத்துத் தைக்க அந்தக் காலத்தில் அவர்களை விட்டால் ஆள் யார்?

அதனால்தான் விஷயம் முக்கியமாகிறது. இந்திய விமான வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1910 டிசம்பரில் அலகாபாத்தில் ஆரம்பிப்பார்கள். அடுத்து 1911 பிப்ரவரி 18ம் தேதி அங்கிருந்து நைனிக்கு ஆங்ரி பெக்கே கடிதப் பை கொண்டுபோன கதை. மதராஸ் மார்ச் உண்மையான பறத்தல் என்றால் அலகாபாத்துக்கு ஒன்பது மாதம் முந்தியது. அதுவும் கப்பலில் வந்த விமானம் இல்லை, மவுண்ட் ரோடில் கட்டியது. புத்தகத்தை மாற்றி எழுத வேண்டிய செய்தி.

ஆனால் புத்தகத்தை மாற்றி எழுத ஃபார்வர்டு மெசேஜ் போதாது. சோதனை வேண்டும்.

சோதனை இல்லாத பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவ்கர் பாபுஜி தல்படே 1895ல் பம்பாய் சௌபாத்தி கடற்கரையில் ஆளில்லாத விமானத்தை 1,500 அடி உயரம் பறக்கவிட்டார் என்று ஒரு கதை. ரைட் சகோதரர்களுக்கு எட்டு வருடம் முன்பு! 2015ல் இதை வைத்து இந்தியில் சினிமாவே வந்துவிட்டது. அதே 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் வைமானிக சாஸ்திரத்தை மேற்கோள் காட்டிக் கட்டுரை வாசித்தார்கள்.

அந்த வைமானிக சாஸ்திரத்தை 1974லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டார்கள். கேலி செய்து ஒதுக்கவில்லை. படத்தில் உள்ள அளவுகளை எடுத்து, எடை என்ன, தூக்குவிசை எவ்வளவு, இதெல்லாம் எழும்புமா என்று கணக்குப் போட்டார்கள். எதுவும் பறக்காது, நூலும் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று முடிவு சொன்னார்கள். ஐந்து பேர், பேப்பர், பேனா. நாற்பது வருடம் கழித்து மேடையேறியவர்கள் அந்தக் கணக்கில் ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. புதிதாக ஒரு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டும் காட்டவில்லை. "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்பதோடு வாதம் முடிந்துவிட்டது.

மும்பைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் சென்னைக்காரர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். டி ஏஞ்சலிஸ் விஷயத்தில் சென்னை செய்வது மட்டும் என்ன? அங்கே சாஸ்திரம், இங்கே நான்கு வரி. கதை இன்னும் நம்பகமானது, அவ்வளவுதான். பழக்கம் ஒன்றேதான்.

சிமெண்ட் மேடை வியாதி

சரி, இந்த ஊரில் யாராவது பெரிய மனசு பண்ணி டி ஏஞ்சலிஸ் விமானத்துக்கு ஞாபகச்சின்னம் வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? ஃபைபரில் ஒரு இரட்டை இறக்கை பொம்மை. சிமெண்ட் மேடை. கிரானைட் கல்வெட்டு. திறந்து வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில், கட்டியவர் பெயர் சின்ன எழுத்தில், சிம்ப்சன் தச்சர்கள் பெயர் எந்த எழுத்திலும் இல்லை. சுற்றிலும் கம்பி வேலி. ஆறு மாதத்தில் காக்கா கூடு :-)

"அதிலும் பயன் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்ஐடியில் படித்தபோது அங்கே பார்வைக்கு வைத்திருந்த, பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்று எழுதியிருக்கிறார். நின்றுபோன விமானமும் ஒரு பையனின் தலையெழுத்தை மாற்றும்.

ஆனால் அவை பொம்மைகள் இல்லை. ஒரு காலத்தில் நிஜமாகப் பறந்தவை. ரிவெட் நிஜம், கேபிள் நிஜம், எண்ணெய்க் கறை நிஜம். தொட்டுப் பார்த்தால் ஏன் இந்தக் கம்பி இங்கே போகிறது என்று கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பதிலும் இருக்கும். ஃபைபர் பொம்மையில் கம்பி அங்கே போவதற்குக் காரணம், ஃபோட்டோவில் அப்படி இருந்தது என்பதுதான்.

பழைய விமானத்தின் நகலைப் பறக்கிற மாதிரி கட்டுவது வேறு வேலை. அங்கே ஒவ்வொரு குச்சியும் தன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாத குச்சி முதல் காற்றிலேயே உடைந்துவிடும்.

நகல் கட்டியவர்கள் கற்றது

வெளிநாட்டில் இது பொழுதுபோக்கு என்று நினைத்தால் தப்பு. கட்டியவர்களுக்கு நகல் பல உண்மைகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சில சமயம் மூக்கை உடைத்தும் சொல்லியிருக்கிறது.

2003 டிசம்பர் 17ம் தேதி. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக நூறு வருடம். அதே வட கரோலினா மணல்மேடு. அமெரிக்க ஜனாதிபதி முதல் ஆயிரக்கணக்கான ஜனம் வரை நனைந்துகொண்டு நிற்கிறார்கள். அச்சு அசலாகக் கட்டிய நகல் தண்டவாளத்தில் ஓடியது, மூக்கைத் தூக்கியது, சேற்றில் உட்கார்ந்தது. பறக்கவில்லை! மழை, காற்று போதவில்லை. அதற்குச் சில நாள் முன்பு ஒத்திகையில் அதே விமானம் பறந்திருந்தது. இதிலிருந்து கிடைத்த பாடம் என்ன? 12 குதிரைத்திறன் இன்ஜின் வைத்த அந்த மெஷின் பறப்பதற்கும் பறக்காததற்கும் நடுவே எவ்வளவு மெல்லிய கோட்டில் நின்றது என்பது. 1903ல் கடும் எதிர்க்காற்று கைகொடுத்தது என்று புத்தகத்தில் படிப்பது ஒன்று. அந்தக் காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சேற்றில் பார்ப்பது வேறு.

1965ல் பழைய விமானப் பந்தயத்தை வைத்து ஒரு ஆங்கில நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். அதற்காக சாந்தோஸ் துமோனின் டெமாய்செல் என்ற குட்டி விமானத்தின் நகலைக் கட்டினார்கள். படத்துக்கு அதை ஓட்டியவர் ஜோன் ஹியூஸ் என்ற பெண் விமானி. காரணம் எடை. சாந்தோஸ் துமோன் பொடி ஆள். அந்த விமானமும் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கனமான ஆளை ஏற்றினால் எழும்ப மறுத்தது. வரைபடத்தில் எங்கேயும் எழுதாத ஒரு பாகம் நகலில் வெளியே வந்துவிட்டது: ஓட்டுநரின் உடம்பு.

பெர்சி பில்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1899ல் கிளைடர் விழுந்து செத்துப்போனார். அப்போது மூன்று இறக்கை விமானம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார், பறக்கவிடவே இல்லை. 2003ல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அதைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் பறந்தது. ஆஸ்திரேலியாவில் ராணுவ விமானப் பயிற்சியின் நூற்றாண்டுக்காக பிரிஸ்டல் பாக்ஸ்கைட் நகலைக் கட்டி 2013ல் பாயிண்ட் குக்கில் பறக்கவிட்டார்கள். 1910-11 குளிர்காலத்தில் கல்கத்தா வந்து பறந்து காட்டியது இதே ரக விமானம்தான்.

நேர்மை இல்லாத நகலும் உண்டு. 1903 டிசம்பர் 8ம் தேதி சாமுவேல் லாங்லியின் விமானம் போடோமேக் ஆற்றில் விழுந்தது. அடுத்த ஒன்பதாம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். 1914ல் கிளென் கர்டிஸ் அந்த லாங்லி விமானத்தைச் சரிசெய்து பறக்கவிட்டார். இதோ பார், லாங்லிதான் முதலில் பறக்கக்கூடிய விமானம் கட்டினார் என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் பலகை மாட்டியது. "சரிசெய்து" என்ற வார்த்தைக்குள்ளே இறக்கை மாற்றம், தாங்குகம்பி மாற்றம் எல்லாம் ஒளிந்திருந்தது. கோபப்பட்ட ஆர்வில் ரைட் 1928ல் தன் விமானத்தைத் தூக்கி லண்டன் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942ல் தப்பை ஒப்புக்கொண்டது. விமானம் 1948ல்தான் ஊர் திரும்பியது. ஆர்வில் அப்போது உயிரோடு இல்லை.

குஸ்டாவ் ஒயிட்ஹெட் கதையும் அப்படித்தான். அவர் 1901லேயே பறந்தார் என்பவர்கள் 1986ல் நகல் கட்டிப் பறக்கவிட்டார்கள். பறந்தது. ஆனால் உள்ளே நவீன இன்ஜின்! அந்த இறக்கை பறக்கும் என்பதற்கு அது சாட்சி. ஒயிட்ஹெட் பறந்தார் என்பதற்கு இல்லை. நகல் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று முதலிலேயே எழுதி வைக்காதவர் நகல் கட்டவே கூடாது.

பல்லாவரத்து வெயில்

இப்போது டி ஏஞ்சலிஸுக்கு வருவோம். வரைபடம் இல்லாமல் எதை வைத்து நகல் கட்டுவது என்று கேட்பார்கள். அப்படியே அச்சாகக் கட்ட முடியாது, சரி. ஆனால் கேள்வியைச் சுருக்க முடியும். ஒரு சின்னக் கணக்கு.

அந்தக் காலத்து லேசான இரட்டை இறக்கை விமானம் காலியாக 250 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் 70 கிலோ. மொத்தம் 320. குச்சியும் கம்பியும் துணியுமாக இருக்கும் அந்த ரகத்தில் தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் சுமார் 5. அதாவது 320 கிலோவைத் தூக்க 64 கிலோ இழுவையை எதிர்த்துத் தள்ள வேண்டும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அதற்குத் தேவை சுமார் 12.6 குதிரைத்திறன். கையால் செதுக்கிய மரப் புரொப்பெல்லர் இன்ஜின் சக்தியில் 60 சதவீதத்தைக் காற்றுக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக இன்ஜின் 21 குதிரைத்திறன் தர வேண்டும். பிளேரியோ கால்வாயைத் தாண்டியது 25 குதிரைத்திறன் அன்சானி இன்ஜினில். கணக்கு இதுவரை உதைக்கவில்லை.

டி ஏஞ்சலிஸ் கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டும் பறந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. 60 கிலோ கூட்டிப் பார்க்கலாம். எடை 380, இழுவை 76, வேகமும் கொஞ்சம் கூட வேண்டும், வினாடிக்கு 16.3 மீட்டர். இன்ஜினில் 27 குதிரைத்திறன் கேட்கும்.

இதோடு மதராஸ் மார்ச் மாதத்தைச் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட பல்லாவரத்தில் 33 டிகிரியில் இருக்கும் காற்று 6 சதவீதம் லேசு. 25 குதிரைத்திறன் இன்ஜின் 23.5 ஆகிவிடும். இறக்கைக்கும் அதே எடையைத் தூக்க 3 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். தனி ஆள் என்றால் தப்பிக்கலாம். இரண்டு பேர் என்றால் இடிக்கிறது. தரையை ஒட்டிப் பறக்கும்போது இழுவை குறையும் என்பதால் ஆளுயரத்தில் ஒரு துள்ளல் சாத்தியம். ஆனால் துள்ளல் வேறு, பறத்தல் வேறு. பிரான்ஸில் கிளெமென் ஆதெர் 1890லேயே 50 மீட்டர் துள்ளினார். அதை வைத்து இன்றுவரை சண்டை ஓயவில்லை.

இந்த எண்கள் எல்லாம் அனுமானம். இறக்கை விகிதம் 5 இல்லை 6 என்றால் விடை மாறும். புரொப்பெல்லர் 70 சதவீதம் என்றால் மறுபடி மாறும். அதனால்தான் கட்ட வேண்டும்! காகிதத்தில் 5ஆ 6ஆ என்று சண்டை போடுவதை விட, அந்தக் காலத்துப் பொருளில், அந்தக் காலத்து முறையில் ஒரு இரட்டை இறக்கையைக் கட்டி, பல்லாவரத்து வெயிலில் இழுத்து, தராசு வைத்து அளந்தால் எண் கிடைக்கும். "சிறிய இன்ஜின்" என்ற ஒரு வார்த்தைக்கு அப்போதுதான் பொருள் வரும். எத்தனை குதிரைத்திறனுக்குக் கீழே துள்ளல், எத்தனைக்கு மேலே பறத்தல், எத்தனைக்கு மேலே இன்னொரு ஆள் என்று கோடு போட்டுக் காட்டலாம். டி ஏஞ்சலிஸ் பறந்தார் என்று அந்த நகல் நிரூபிக்காது. எந்த நிபந்தனையில் பறந்திருக்க முடியும் என்று சொல்லும். ஐந்து வரிப் பெருமையை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

கட்டுவது பாதி, சோதிப்பது மீதி

விமானம் கட்டுவது என்றதும் எல்லோருக்கும் கண்முன் வருவது கடைசிக் காட்சிதான். ஓடுகிறது, எழுகிறது, பின்னணியில் ரஹ்மான் மியூசிக். நிஜத்தில் அந்தக் காட்சிக்கு முன்னால் வருகிற வேலையில்தான் படிப்பு இருக்கிறது.

முதலில் மரம். முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடுகிற கட்டை. நார் சாய்ந்திருந்தால் பலம் போய்விடும். அடுத்து இறக்கை விலா எலும்புகள், ஒரே அச்சில் டஜன் கணக்கில். அப்புறம் துணி, அதன் மேல் பூசி இறுக்கும் டோப். கம்பிகளை முறுக்கி இறுக்கும்போது ஒரு பக்கம் கூடினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

பிறகு இறக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மணல் மூட்டை அடுக்க வேண்டும். பறக்கும்போது காற்று மேலே தள்ளுகிற பாரத்தைத் தரையில் மணல் கீழே தள்ளிக் காட்டும். 320 கிலோ விமானம் தன் எடையைப் போல மூன்றே முக்கால் மடங்கு தாங்க வேண்டும் என்று வைத்தால் 1,200 கிலோ மணல். எந்த மூட்டையில் சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டி நிற்பதுதான் பாடம்.

அதன் பிறகு எடை மையம் பார்ப்பது. இன்ஜினை மணிக்கணக்கில் தரையிலேயே ஓட்டுவது. பிறகு தரையில் மெதுவாக ஓட்டம், வேகமாக ஓட்டம், வால் தூக்குதல், ஓர் அடி உயரத்தில் பத்து மீட்டர் துள்ளல். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதி, மறுநாள் அடுத்தது. காற்று வீசினால் ஷெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது. அந்த ஒழுக்கம் இல்லாதவனுக்கு விமானம் மறு தேர்வு வைக்காது.

நாலு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஃபைனல் இயர் பிராஜெக்டை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! மணல் மூட்டைச் சோதனையை விலைக்கு வாங்க முடியாது.

"சட்டம் விடாது சார்"

உண்மை. எளிதில் விடாது. மும்பையில் விமானி அமோல் யாதவ் தன் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் ஆறு சீட்டு விமானம் கட்டினார். 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்ததும் நாடே பார்த்தது. ஆனால் பதிவு எண் கிடைக்க 2017 நவம்பர் ஆனது, அதுவும் பிரதமர் அலுவலகம் வரை விஷயம் போன பிறகு. விமானத்தின் பதிவு எழுத்து விடி-என்எம்டி. நரேந்திர மோதி, தேவேந்திர ஃபட்னாவிஸ் பெயர்களின் எழுத்துகள். 2020ல் துலேயில் பறந்தது. ஒரு குடிமகன் கையால் கட்டியதைச் சோதிக்க, முதலமைச்சரும் பிரதமரும் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பது பெருமைக்குரிய செய்தியா, வெட்கப்பட வேண்டிய செய்தியா? படிப்பவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

கேரளத்து இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ். காது கேளாது, பேச்சு வராது, பெரிய படிப்பும் இல்லை. கிடைத்த பொருளை வைத்துச் சின்ன விமானம் கட்டினார். அது பறந்தது தமிழ்நாட்டில், மணிமுத்தாறில். 2017ல் மலையாளத்தில் 'விமானம்' என்ற படம் அவர் வாழ்க்கையைத் தழுவி வந்தது. படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர், இவர் மாதிரி ஆட்களுக்கு வழி என்ன என்று கேட்டார்கள்?

அமெரிக்காவில் 1953லேயே வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குச் சங்கம் வந்துவிட்டது. பெரும்பகுதி வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும், முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள், பயணி இல்லாமல் சோதிக்க வேண்டும். இப்படி விதி வைத்து, பொறுப்பைக் கட்டுகிறவர் தலையில் வைத்துவிட்டார்கள். அவரவர் கட்டிய விமானங்கள் அங்கே சுமார் 30,000.

இந்தியாவால் முடியாது என்று சொல்ல முடியாது. 2021 டிரோன் விதிகளில், கல்வி நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள்ளோ தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள திறந்த இடத்திலோ, பச்சை மண்டலத்தில் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராகக் கொண்ட எம்ஐடியின் தக்ஷா குழு 2018ல் ஆஸ்திரேலியா போய் இரண்டாம் இடம் வாங்கி வந்தது. 1934ம் வருட விமானச் சட்டமே போய் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது. புதுச் சட்டத்தின் கீழ் புது விதிகள் எழுதுகிற காலத்தில், ஒற்றை ஆள், பயணி கிடையாது, ஆளுயரத்துக்கு மேலே போகாது, வேலி போட்ட ஓடுதளம் என்று ஒரு சின்னப் பிரிவைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா? கேட்க ஆள் இல்லை, அதுதான் கஷ்டம்.

"ஆபத்து" என்பார்கள். ஆபத்துதான். பில்ச்சர் செத்தார், லிலியன்தால் செத்தார். அதனால்தான் மணல் மூட்டை, அதனால்தான் ஓர் அடித் துள்ளல், அதனால்தான் அனுபவமுள்ள விமானி. ஆளே இல்லாமல் கார் பின்னால் இழுத்து அளப்பதில் பாதி விடை கிடைத்துவிடும். ஹெல்மெட் போடாமல் கத்திப்பாராவில் மூன்று பேர் பைக்கில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர், மணல் மூட்டை அடுக்குகிறவனைப் பார்த்து ஆபத்து என்று சொல்வது வேடிக்கை.

"காசு?" கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்கத் தெரிந்த கல்லூரிகளுக்கு இதற்குப் பிடிக்கத் தெரியாதா என்ன!

யார் செய்வது?

வரைபடத்தை எடுத்து ஒரு கோடு போட்டால் போதும். அண்ணா சாலையில் சிம்ப்சன் இன்னும் இருக்கிறது. தெற்கே வந்தால் சைதாப்பேட்டை. பாலத்தைத் தாண்டினால் கிண்டி தொழிற்பேட்டை, கிண்டி பொறியியல் கல்லூரி, ஐஐடி. இன்னும் போனால் பல்லாவரம். அதற்கு அடுத்து குரோம்பேட்டை எம்ஐடி. 1910 விமானம் போன பாதையிலேயே அதைத் திரும்பக் கட்டத் தேவையான அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சைதாப்பேட்டை, ஆலந்தூர்ச் சந்துகளில் லேத் பிடிக்கிறவர், வெல்டிங் வைக்கிறவர், கார் சீட் தைக்கிறவர், மர ஆசாரி என்று கை வேலைக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. கணக்குப் போடத் தெரிந்த பையன்களும் பெண்களும் அதே பஸ்ஸில்தான் தினமும் போகிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்பதுதான் சென்னையின் உண்மையான பிரச்சினை. டி ஏஞ்சலிஸ் காலத்தில் பேசிக்கொண்டார்கள். வரைந்தவர் ஹோட்டல்காரர், செய்தவர் வண்டித் தச்சர்.

ஜேஆர்டி டாட்டா 1932ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். நெவில் வின்சென்ட் அதை மதராஸ் வரை கொண்டுவந்தார். ஐம்பது வருடம் கழித்து 1982ல், 78 வயதில், டாட்டா தன் பறத்தலை ஒரு பழைய லெப்பர்டு மாத் விமானத்தில் தனியாக மறுபடி ஓட்டிக் காட்டினார். சிலை திறந்து விழா கொண்டாடியிருக்கலாம். அவர் விமானத்தில் ஏறினார்.

டி ஏஞ்சலிஸுக்கு 2010ல் நூற்றாண்டு வந்தது, போனது. 2035ல் 125வது வருடம் வருகிறது. ஒரு நகலைக் கட்டிச் சோதிக்க அதுவரை உள்ள காலம் தாராளமாகப் போதும். அதுவரைக்கும் "ஆசியாவிலேயே முதல்" என்று மேடையில் பேசுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எத்தனை குதிரைத்திறன்?